ஒரே பத்து நாளை மூன்று பேர் தின்றது

இந்த அத்தியாயத்தில் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் பழைய வெல்டிங் முகமூடியின் மேல் வலது கையை வைத்துச் சொல்கிறேன். போன வாரம் நான் சில இடங்களில் நீட்டிவிட்டதாக ஒரு வாசகர் குறைப்பட்டு எழுதியிருந்தார். அவருடைய கடிதம் பதினோரு பக்கம். யார் நீட்டியது என்பதை மற்ற வாசகர்கள் முடிவு செய்யட்டும்.

சென்ற வாரம் என் மகள் லரிஸா அறுநூறு பக்கப் பாடப்புத்தகத்தைத் துணி துவைக்கும் மெஷினுக்குள் போட்டு மூடியதோடு நிறுத்தியிருந்தேன். புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மெஷின்தான் போய்விட்டது.

புதிதாக வருகிறவர்களுக்காக: நாங்கள் இருப்பது கனடாவில், எட்மன்டனுக்கு வடகிழக்கே, ஃபோர்ட் சஸ்காட்சுவானில். ஜன்னல் திரையை விலக்கினால் எண்ணெய் ஆலையின் புகைபோக்கி தெரியும். நான் வாசில் கோஸ்தினியுக், முப்பத்தெட்டு வருஷம் ஆலைகளில் பாய்லர் கட்டியவன். மாப்பிள்ளை கிளென் மக்கீ குழாய் பொருத்துகிறவர். லரிஸா அட்டவணை போடுகிறவள். ஆலையை நிறுத்தி வைத்துப் பழுது பார்க்கும் ஷட்டவுன் நாட்களில் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எதற்கு எத்தனை நாள் என்று அவள் சொன்னால்தான் இரண்டாயிரம் பேர் நகர்வார்கள். பத்தொன்பது வருஷமாக அப்படி. சான்றிதழ் மட்டும் கிடையாது.

இதுவரை யாரும் கேட்டதில்லை. இந்த வருஷம் கேட்டுவிட்டார்கள். செப்டம்பர் ஷட்டவுனுக்குத் தலைமை அட்டவணையாளராக இருப்பவர் திட்டமிடலில் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், அதை இந்த மாதக் கடைசிக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாற்காலி பிரேடனுக்கு. பிரேடனுக்கு இருபத்தாறு வயது. அவனிடம் சான்றிதழ் இருக்கிறது, பூட்ஸில் சேறு கிடையாது. லரிஸா அவனிடம் கையெழுத்து வாங்கி வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

பரீட்சை மதியம் ஒரு மணிக்கு, வீட்டிலிருந்தே, கணினி வழியாக. எங்கோ உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறைக்குக் கதவு இருக்க வேண்டும், அது மூடியிருக்க வேண்டும். வேறு ஆள் தலை தெரிந்தாலோ, குரல் கேட்டாலோ பரீட்சை ரத்து. தொடங்குவதற்கு முன் அடையாள அட்டையைக் கேமராவில் காட்ட வேண்டும். ஒன்றேகாலுக்கு மேல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். அடுத்த இடம் கிடைக்க இரண்டு மாதம் ஆகும்.

அன்று காலை எட்டரை மணிக்கு மைனஸ் நாற்பத்தொன்று. பக்கத்து வீட்டு லோர்னின் நிழல் நடைபாதையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவர் அதை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.

லரிஸா குட்டி போட்ட பூனை மாதிரி சமையலறையில் நடந்துகொண்டே சூத்திரங்களை முணுமுணுத்தாள். கிளென் அவள் அறைக் கதவைக் கூடத்தில் படுக்கவைத்து விளிம்பை இழைத்துக்கொண்டிருந்தார். நான் பெரோகி, அதாவது எங்கள் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, தின்றுகொண்டிருந்தேன். மூன்று பேருக்கும் அவரவர் வேலை.

"லரி, கேமரா சோதனைக்கு உன் அடையாள அட்டை வேணுமே. எங்க?" என்றார் கிளென்.

"டிரைவிங் லைசென்ஸ்ல நான் இன்னும் கோஸ்தினியுக். பரீட்சைக்கு மக்கீன்னு பதிஞ்சிருக்கேன். பாஸ்போர்ட்தான் வேணும்."

"அது எங்க?"

லரிஸா குளிர்பெட்டியைப் பார்த்தாள். கிளெனும் பார்த்தார். நான் பெரோகியைப் பார்த்தேன்.

மற்ற வீடுகளில் குளிர்பெட்டிக் கதவில் பேரப்பிள்ளைகள் வரைந்த படம் ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டில் அட்டவணை. பரீட்சைக்கு எப்படித் தயாராவது என்று பத்து வாரத்துக்கு லரிஸா போட்டது, ஷட்டவுனுக்குப் போடுவது போலவே கோடு கோடாக. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஓர் எண். அதற்கு ஃப்ளோட் என்று பெயர். அந்த வேலை அத்தனை நாள் தாமதமானாலும் கடைசித் தேதி அசையாது என்று அர்த்தம்.

அதில் இந்த வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. லரிஸா பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் பதிவு செய்வது. பிறகு நான் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுப்பது, அதற்கு ஐந்து நாள். பிறகு கிளென் கதவை மாட்டி, கேமராவில் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சோதிப்பது, அதற்கும் ஐந்து நாள். ஃப்ளோட் மட்டும் மூன்றுக்கும் எதிரே ஒரே எண்: பத்து நாள்.

"அப்பா," என்றாள் லரிஸா. "பாஸ்போர்ட் எங்கப்பா?"

"பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா?"

"ஏரியில."

கிளெனின் கையிலிருந்த இழைப்புளி நின்றது.

இதில் என்ன ஆச்சரியம்? எங்கள் வீட்டு அடித்தளத்தில் ஒரு முறை தண்ணீர் புகுந்தது. அன்றிலிருந்து குடும்பத்தின் முக்கியமான தாள்களை இரும்புப் பெட்டியில் போட்டு, லோன்பைன் ஏரியில் என் மீன்பிடிக் குடிசையில் வைத்திருக்கிறேன். தண்ணீருக்குப் பயந்து ஏரியிலா என்று கேட்பவர்கள் உண்டு. குளிர்காலத்தில் அந்தக் குடிசை ஏரியின் நடுவில், மூன்றடிப் பனிக்கட்டி மேல் நிற்கும். கட்டியாகிப்போன தண்ணீர் எங்கும் புகாது. ஏப்ரல் கடைசிக்குப் பிறகு அந்த ஏரியில் ஒரு துண்டு பனிக்கட்டிகூட மிஞ்சாது என்பதால், அதற்கு முன்பே குடிசையைக் கரைக்கு இழுத்துப் புல்லில் நிறுத்திவிடுவோம். திருடன் எவனும் அங்கே வந்ததில்லை.

"உங்களுக்குப் பத்து நாள் முன்னாடியே வேலை வந்துருச்சே மாமா?" என்றார் கிளென்.

"ஆமா மாப்ள. எனக்குப் பத்து நாள் ஃப்ளோட் போட்டிருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்."

"எனக்கும் பத்து போட்டிருந்துச்சு. அதான் கதவை இன்னிக்கு இழைக்கிறேன்."

"அட அறிவாளிங்களா!" என்றாள் லரிஸா. "அது உங்களுக்குப் பத்து, அவருக்குப் பத்துன்னு இல்ல. மூணு பேருக்கும் சேர்த்து ஒரே பத்து! தட்டுல பத்து பெரோகி இருக்கு. மூணு பேரும் ஆளுக்குப் பத்து எடுக்க முடியுமா?"

நான் தட்டைப் பார்த்தேன். அதில் ஒன்றுகூட இல்லை.

இந்தத் தப்பை வேறு எந்த வீட்டிலும் செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் "சீக்கிரம் கொண்டு வா" என்று சொல்லியிருப்பார்கள், கொண்டுவந்திருப்பார்கள். நாங்களோ ஆயுள் முழுக்க அட்டவணை படித்தவர்கள். பாய்லர்காரன் பாய்லர் வரியை மட்டும் படிப்பான், குழாய்க்காரர் குழாய் வரியை மட்டும் படிப்பார். அச்சடித்த தாளில் எண் பத்து என்றால் கடைசி வரை பத்துதான். முன்னால் இருக்கிறவர் அதைத் தின்றுவிட்டாரா என்று தாள் தானாகச் சொல்லாது.

"நான் போய்ட்டு வந்துடறேன்," என்றேன்.

"எண்பத்தஞ்சு கிலோமீட்டர்."

"பன்னெண்டரைக்குள்ள வந்துடுவேன்."

"அப்பா, வர்ற வழியில யார்கிட்டயும் பேச்சுக் குடுக்காதீங்க."

"நான் என்னிக்கு..."

"மாமா, கிளம்புங்க," என்றார் கிளென்.

ஒன்பது பத்துக்கு டிரக்கை எடுத்தேன். இனி நடந்ததற்கு என்னைத் தவிர சாட்சி இல்லை. ஆகவே கூடுதல் கவனத்தோடு, உண்மையை மட்டும் சொல்கிறேன்.

ஏரிக்கு மேல் டிரக்கை ஓட்டிக்கொண்டு குடிசை வரை போனேன். பத்தே கால். பூட்டு உறைந்திருந்தது. அதனிடம் இரண்டு நிமிடம் என் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசினேன். கொட்டாவி விட்டுத் திறந்துகொண்டது. உள்ளே இரண்டு கொசுக்கள், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு என் கழுத்தில் கடித்தன. இந்த ஊர்க் கொசுவுக்குக் குளிர் ஒரு பொருட்டல்ல.

பெட்டி அலமாரியில் இல்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. கூடுதல் பாதுகாப்புக்காகப் பெட்டியைக் கயிற்றில் கட்டி, பனிக்கட்டியில் போட்ட துளை வழியாகத் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருந்தேன். கயிற்றை இழுத்தேன். மறுமுனையில் இருந்தது என்னை இழுத்தது.

ஜாக்ஃபிஷ். எங்கள் ஏரிகளில் பற்களோடு திரியும் மீன். நான் மிகைப்படுத்துகிறவன் அல்ல. ஏழடி இருக்கும், அது வால் மடக்கியிருந்தபோது அளந்தது. பெட்டியை விழுங்கிவிட்டு, நான்கு வாரமாக ஜீரணிக்கப் பார்த்திருக்கிறது.

கயிற்றை டிரக்கின் பின்கொக்கியில் மாட்டி முன்னால் ஓட்டினேன். டிரக் பின்னால் போனது. இருநூறு கஜம் அப்படியே போனோம். கண்ணாடியில் பார்த்தேன், கரையில் என் நண்பன் ஸ்டெஃபான் கை ஆட்டினான். லரிஸாவுக்குக் கொடுத்த வாக்குக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு மீன் களைத்தது. துளைக்கு மேலே தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. தோள் வரை கையை விட்டுப் பெட்டியை எடுத்தேன். பிளாஸ்டிக் பைக்குள் பாஸ்போர்ட் சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. மீனைத் திருப்பி விட்டுவிட்டேன். அதைச் சுத்தம் செய்ய அட்டவணையில் நேரம் ஒதுக்கவில்லை.

இந்த நேரத்தில் வீட்டில் நடந்தது கிளென் சொன்னது. அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஆகையால் சுவாரஸ்யம் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

பன்னிரண்டு மணிக்குக் கதவை மாட்டினார். லரிஸாவை உள்ளே உட்காரவைத்து, சரியாக மூடுகிறதா என்று வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தார். மூடியது. பிறகு திறக்கவில்லை. விளிம்பைப் போதிய அளவு இழைக்கவில்லை. கதவு சட்டத்துக்குள் இறுகிக்கொண்டது.

"கிளென்!"

"இருக்கேன்."

"தோளால இடிங்க."

"இடிச்சா சட்டம் பேந்துரும். கதவு இல்லாத அறைன்னு பரீட்சையை ரத்து பண்ணிடுவாங்க."

"அப்பா வந்தாரா?" என்று கேட்டாள். பன்னிரண்டரைக்குக் கேட்டாள். பன்னிரண்டே முக்காலுக்குக் கேட்டாள். ஒரு மணிக்குப் பிறகு கேட்கவில்லை.

நான் ஒன்று ஒன்பதுக்கு வந்தேன். பூட்ஸோடு கூடத்துக்குள் ஓடினேன். எழுபத்தெட்டு வயதில் ஓடினேன் என்று சொன்னால் அது நீட்டல் அல்ல, கிளெனும் பார்த்தார்.

"கதவைத் திறங்க மாப்ள."

"திறக்காது மாமா."

"அப்போ?"

"கீழ சந்து இருக்கு. அதுல தள்ளுங்க."

முட்டி போட்டேன். பாஸ்போர்ட்டைச் சந்தில் தள்ளினேன். பாதியில் நின்றது. உள்ளிருந்து லரிஸாவின் விரல்கள் அதைப் பிடித்தன. ஆனால் இழுக்கவில்லை.

"லரி," என்றேன். கதவுக்கும் எனக்கும் இடையே ஓர் அங்குலம்கூட இல்லை. "பத்து நாளும் என்னுதுன்னு நெனச்சுட்டேன்மா."

"அப்பா."

"உன் நாற்காலி போச்சுன்னா..."

"அப்பா, அந்தப் பத்து நாளை முதல்ல தின்னது நான்தான்." குரல் தாழ்ந்திருந்தது. "பேரைப் பதியறதுக்குப் பத்து நாள் தள்ளிப் போட்டேன். பயம். பதிஞ்சா எழுதணுமேன்னு. உங்க கைக்கு வேலை வந்தப்போ அதுல ஒரு நாள்கூட மிச்சமில்ல. நான் அச்சடிச்ச தாளை மாத்தவே இல்ல. பத்தொன்பது வருஷமா ஊர்ல எல்லாரையும் திட்டுற தப்பு அது."

பாஸ்போர்ட்டின் என் பக்க முனையை விட்டேன்.

"இப்ப மணி என்ன?" என்றாள்.

"ஒண்ணு பதினொண்ணு."

"நாலு நிமிஷம் ஃப்ளோட் இருக்கு," என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை இழுத்துக்கொண்டாள். "இதுல யாரும் கை வைக்காதீங்க."

ஒன்று பதின்மூன்றுக்குக் கண்காணிப்பாளரின் குரல் கேட்டது, அறையைச் சுற்றிக் கேமராவைக் காட்டும்படி. பிறகு அமைதி.

ஐந்து மணி நேரம் நானும் கிளெனும் சமையலறையில் சைகையில் பேசிக்கொண்டோம். குளிர்பெட்டி உறுமாமலிருக்கப் பிளக்கைப் பிடுங்கினார். சுவர்க் கடிகாரத்தை நான் துண்டில் சுற்றி வைத்தேன்.

மூன்று மணிக்கு அந்தச் சத்தம் வந்தது. லோர்ன் புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டினார். இந்தக் குளிரில் எதற்கு என்று கேட்காதீர்கள். லோர்ன் எதையும் முன்கூட்டியே செய்கிறவர். அறைக்குள்ளிருந்து கண்காணிப்பாளரின் குரல்: "வெளிச் சத்தம் தொடர்ந்தால் தேர்வை நிறுத்த வேண்டியிருக்கும்."

கிளென் ஒரு தட்டில் பழ அடையோடு வெளியே போனார். வேலியோரம் அன்று காலை பறித்த சஸ்கட்டூன் என்ற நீலப் பழத்தில் லரிஸா சுட்டு வைத்திருந்த அடை. இயந்திரத்துக்கு நேர் எதிரே தட்டோடு நின்றார். லோர்ன் அணைத்தார்.

"என்னப்பா கிளென், சாகப் போறியா?"

"லரிஸா பரீட்சை எழுதுறா. ஆறு மணி வரைக்கும் சத்தம் கூடாது."

"பாதி வெட்டிட்டேனே. பாதி மொட்டை மாதிரி நிக்குதே."

"மீதிக்கு ஃப்ளோட் இருக்கு."

"எவ்வளவு?"

"மூணு மணி நேரம். முழுக்க உங்களுக்கு மட்டும். வேற யாரும் பங்குக்கு வரமாட்டாங்க," என்று தட்டை நீட்டினார். அன்றைக்குப் பாடம் கற்ற ஒரே ஆள் கிளென்தான்.

அந்தப் பரீட்சையின் ஒரு பகுதியில் விடையைத் தேர்ந்தெடுத்தால் போதாது. மேலாளருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்: திட்டம் ஏன் தாமதமானது, நாட்களை யார் எடுத்தார்கள், இனி எப்படி மீட்பது. கேள்வியை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, லரிஸா இன்றுவரை சொல்லவில்லை. கதவில் காதை வைத்தபோது எனக்குக் கேட்டதெல்லாம் தட்டச்சுச் சத்தம்தான். ஐந்தரை மணி சுமாருக்கு அது நிற்காமல் கேட்டது. பத்தொன்பது வருஷக் கோபம் ஒரே கடிதத்தில் இறங்குவது போல இருந்தது.

ஆறு இருபதுக்கு உள்ளிருந்து, "முடிஞ்சுது. கதவைத் திறங்க," என்றாள்.

"என்னாச்சு?"

"முதல்ல கதவு."

பாய்லர்காரனும் குழாய்க்காரரும் ஒரு கதவின் முன் நின்றால் என்ன நடக்குமோ அது நடந்தது.

"கம்பியால நெம்புவோம் மாப்ள."

"வேணாம் மாமா. கீல்ல இருக்கிற ஊசியைக் கழட்டணும்."

"ஊசி உள்பக்கம்ல இருக்கு?"

"அதான் நான் உள்ள இருக்கேனே," என்றாள் லரிஸா. "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க. கிளென், சந்து வழியா திருப்புளியைத் தள்ளுங்க. அப்பா, கைப்பிடிப் பக்கம் நின்னு கதவைத் தாங்குங்க. கிளென் கீல் பக்கம். கீழ் ஊசியை முதல்ல எடுக்கறேன், அப்புறம் நடு, மேல் ஊசி கடைசி. நான் சொல்றதுக்கு முன்னாடி யாரும் தள்ளக் கூடாது."

உள்ளே டங் டங் என்று ஓசை. தன் வேலை பூட்ஸின் இரும்பு மூக்கால் திருப்புளியின் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். மூன்று ஊசியும் விழுந்தன. "இப்ப," என்றாள். கதவு எங்கள் கையோடு வந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவ்வளவு ஒழுங்காக ஒரு கதவு இறங்கி நான் பார்த்ததில்லை.

ஒரு கையில் பூட்ஸ், மறு கையில் பிரின்டரிலிருந்து எடுத்த ஒற்றைத் தாள். முகம் சிவந்திருந்தது.

"பாஸ்," என்றாள்.

கிளென் அவளைத் தூக்கினார். பூட்ஸ் என் கால்மேல் விழுந்தது. நான் கதவைத் தாங்கிக்கொண்டிருந்ததால் கத்த மட்டும்தான் முடிந்தது.

அப்புறம் அவள் சமையலறைக்குப் போய் அட்டவணையின் அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்தாள். "அப்பா: ஏரியில் பத்து நாள் என்ன செய்தார் என்று விளக்கம் தர வேண்டும். ஃப்ளோட்: பூஜ்யம்."

"இன்னிக்கேவா?" என்றேன்.

"இப்பவே."

மீன், கயிறு, டிரக் எல்லாவற்றையும் உங்களுக்குச் சொன்னபடியே சொன்னேன். கிளென் பீர் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. லரிஸா என் கழுத்தில் கொசு கடித்த இரண்டு தடிப்புகளை ரொம்ப நேரம் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் போன் அடித்தது. ஆலையின் மேலாளர்.

"ஆமா, பாஸ் பண்ணிட்டேன்... என்னது? பிரேடனா? எப்போ?" என்று கேட்டுக்கொண்டே கொல்லைப்பக்க மேடைக்குப் போய், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு நன்றாக மூடும். ஒரு வார்த்தை கேட்கவில்லை; பிரேடன் கதை அடுத்த வாரம். வெளியே லோர்ன் மீதிப் பாதியை வெட்டத் தொடங்கியிருந்தார்.

நான் தேர்ச்சித் தாளை எடுத்துக் குளிர்பெட்டியில் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதில் பெயர் லரிஸா மக்கீ, முடிவு தேர்ச்சி, தேதி ஜூலை ஒன்பது.